நிறுத்தத் தெரிந்த கை

ஓணத்துக்கு முந்தைய வாரம் எர்ணாகுளம் பிராட்வேயில் யாரும் யாரையும் இடிக்காமல் நடக்க முடியாது. துணிக்கடை, குடைக்கடை, பாத்திரக்கடை, மசாலாக் கடை என்று இருபுறமும் நெருக்கியடிக்கும். நடுவே மிஞ்சும் வழியில் நீலச் சட்டை போட்ட சுமைத் தொழிலாளர்கள் தலையில் மூட்டையோடு வழி கேட்டுக்கொண்டு வருவார்கள். தோளில் ஓர் இடி விழும், திரும்பிப் பார்ப்போம், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். எப்போதாவது முடியாது. இவர் அவரைத் தள்ள, அவர் இவரைத் தள்ள, மூன்றாவது தள்ளலில் ஒருவர் காலர் மற்றவர் கையில் இருக்கும். இந்த மாதிரி கைகலப்பு எந்த ஊரில் நடந்தாலும், விலக்கப் போகிறவரிடம் இரண்டு தரப்பும் ஒரே புகாரைத்தான் சொல்லும்: "நான் லேசாத்தான் தள்ளினேன், அவன்தான் ஓங்கித் தள்ளினான்."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். 2003-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சுக்விந்தர் ஷெர்கில், டேனியல் வோல்பர்ட் முதலியோர் ஒரு சோதனை நடத்தினார்கள். இருவரை எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவர் விரலை இன்னொருவர் மாறிமாறி அழுத்தும்படி ஒரு கருவி அமைத்தார்கள். "உங்கள் விரலில் எவ்வளவு அழுத்தம் உணர்ந்தீர்களோ, அதே அளவு திருப்பிக் கொடுங்கள்" என்பது மட்டுமே கட்டளை. எதிரில் இருப்பவருக்கும் அதே கட்டளைதான் தரப்பட்டிருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. கோபம் கிடையாது, பந்தயம் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் முந்தையதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிக்கொண்டே போனது.

காரணம், நாம் செய்யும் செயலின் விளைவை மூளை முன்கூட்டியே கணித்து, அந்த அளவுக்கு அதன் உணர்வைக் குறைத்துவிடுகிறது. நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் இதுவே காரணம். ஆகவே நான் கொடுத்த அடி எனக்கு லேசாகத் தெரியும். அதே எடையுள்ள அடி உங்களிடமிருந்து வந்தால் ஓங்கி விழுந்ததாகத் தெரியும். குங்ஃபூ வகுப்பில் மாணவர்களை ஜோடி சேர்த்து, "சும்மா தொட்டு ஆடுங்க" என்று விட்ட மாஸ்டர் எவரையும் கேட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் தொடுவது தட்டுவதாகும், தட்டுவது அடியாகும். "அவன்தான் மாஸ்டர் முதல்ல ஓங்கினான்" என்று இரு பக்கமிருந்தும் குரல் வரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயிற்சிக்கூடத்துச் சண்டை சூடாவதற்குக் கோபம் தேவையில்லை. கோபம் பிறகு வந்து சேர்ந்துகொள்கிறது. தொடக்கம் வெறும் அளவுப் பிழை. எனவே "பொறுமையாக இரு" என்ற புத்திமதி அந்த இடத்தில் பாதி வீண். பொறுமையாகத்தான் இருக்கிறோம் என்று இருவருமே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து அளந்து சொல்ல மூன்றாவது ஆள் வேண்டும்.

இனி வேகம். நன்கு பயின்றவரின் நேர்க்குத்து உச்சத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மீட்டர் வேகம் எடுக்கிறது. கராத்தே வீரர்களைப் படம்பிடித்து 1970-களில் அமெரிக்க இயற்பியலாளர்கள் அளந்தது இது. கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரை அந்தக் கை அடைய ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு போதும். கண்ணால் ஒன்றைப் பார்த்து, ஏற்கெனவே தீர்மானித்துவைத்த ஓர் அசைவைத் தொடங்கவே நமக்கு ஐந்தில் ஒரு பங்கு விநாடி ஆகிறது. எதைச் செய்வது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் இன்னும் கூடும். தேர்வுகள் பெருகப் பெருகத் தாமதமும் ஒரு கணக்கின்படி பெருகுகிறது என்று 1952-ல் வில்லியம் ஹிக் காட்டினார். அதாவது புறப்பட்ட குத்தைப் பார்த்துத் தடுப்பது என்பது எந்த மனிதனாலும் ஆகாது. ப்ரூஸ் லீ செய்ததெல்லாம்? அவரும் குத்தைப் பார்க்கவில்லை. குத்தப் போகிறவரின் தோளையும் இடுப்பையும் பார்த்தார் என்றுதான் கொள்ள வேண்டும்.

2002-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கராத்தே வீரர்களையும் புதியவர்களையும் ஒப்பிட்டார்கள். திரையில் ஒரு புள்ளி தோன்றியதும் பொத்தானை அழுத்தும் சோதனையில் இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. எதிராளி தாக்க வரும் காணொளியைக் காட்டி, அடி மேலே வருமா நடுவில் வருமா என்று கேட்டபோதுதான் பயின்றவர்கள் தெளிவாக முந்தினார்கள். பயிற்சி நரம்பை வேகமாக்குவதில்லை, சீக்கிரமாகப் படிக்கக் கற்றுத்தருகிறது. ஆண்டுக்கணக்கில் பயின்றவரின் "மின்னல் வேகம்" என்று நாம் வியப்பதில் பெரும்பகுதி இந்த முன்னறிதலே.

தடுப்பவரின் கதை இது. குத்துபவரின் கதை இன்னும் சிக்கலானது. எதிரில் நிற்கும் தோழன் திடீரென்று கால் இடறி முன்னே சாய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கை புறப்பட்டுவிட்டது. நிறுத்த முடியுமா? இதை ஆய்வுக்கூடத்தில் அளக்க ஒரு முறை உண்டு: அம்புக்குறி தெரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும், ஆனால் நடுவில் மணி ஒலித்தால் அழுத்தாமல் விட்டுவிட வேண்டும். 1984-ல் கோர்டன் லோகனும் வில்லியம் கோவனும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். "போ" என்ற கட்டளையும் "நில்" என்ற கட்டளையும் மூளையில் பந்தயம் ஓடுகின்றன. எது முதலில் வந்து சேர்கிறதோ அது வெல்லும். ஆரோக்கியமான இளைஞர்களிடம் "நில்" வந்து சேர ஐந்தில் ஒரு பங்கு விநாடிக்குக் கொஞ்சம் மேலாகிறது. குத்துக்கு எட்டில் ஒரு பங்கு என்று பார்த்தோம். பந்தயம் தொடங்கும் முன்பே முடிவு தெரிந்துவிடுகிறது: புறப்பட்ட குத்தை மனவுறுதியால் திரும்ப அழைக்க முடியாது.

ஆனால் நல்ல பயிற்சியாளர்கள் மூக்கின் நுனிக்கு ஒரு விரற்கடை முன்னே முஷ்டியை நிறுத்திக் காட்டுகிறார்களே? நிறுத்துகிறார்கள்தான். அந்த நிறுத்தம் வழியில் எடுத்த முடிவல்ல. புறப்படும்போதே குத்தின் உள்ளே எழுதப்பட்டது. வேகமாக ஒரு கையை நீட்டும்போது தசைகள் மூன்று தவணையில் இயங்குகின்றன. முதலில் நீட்டும் தசை சுருங்குகிறது. கை இன்னும் பயணத்தில் இருக்கும்போதே மடக்கும் தசை சுருங்கித் தடை போடுகிறது. கடைசியில் நீட்டும் தசை மறுபடி சிறிது இயங்கி கையை நிலைப்படுத்துகிறது. நிறுத்தம் வருவதற்கு வெகு முன்பே பிரேக்கில் கால் வைக்கும் பஸ் ஓட்டுநர் போல, இரண்டாவது தவணைக்கான உத்தரவு கண்ணிடமிருந்தோ தோலிடமிருந்தோ செய்தி வருமுன்பே கிளம்பிவிடுகிறது. உணர்வு நரம்புகள் பழுதாகிக் கை இருக்குமிடமே தெரியாத நோயாளிகளிடம்கூட இந்த வரிசை தோன்றுகிறது.

இந்தப் பிரேக்கை நேரம் பார்த்துப் போடுவதில் சிறுமூளைக்குப் பெரும்பங்கு. முதல் உலகப்போரில் தலையின் பின்புறம் குண்டடிபட்ட படைவீரர்களைப் பரிசோதித்த பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் கோர்டன் ஹோம்ஸ் இதை நேரில் கண்டார். நோயாளி தன் முழங்கையை மடக்க முயல, மருத்துவர் எதிர்த்துப் பிடித்துக்கொள்வார்; சட்டென்று விட்டுவிடுவார். நமக்கென்றால் கை கொஞ்சம் துள்ளி நின்றுவிடும். சிறுமூளை காயப்பட்டவரின் கை நிற்காமல் வந்து அவர் மார்பிலோ முகத்திலோ மோதும். அந்தப் படைவீரருக்குப் பலம் குறையவில்லை, புத்தி குறையவில்லை, குணமும் மாறவில்லை. நிறுத்தம் மட்டும் போய்விட்டது. ஒழுக்கமாகப் பார்க்கப்படும் 'அடக்கம்' என்பதற்கு உடலில் ஓர் இடமும் உண்டு என்பதை இதைவிடப் பச்சையாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

2012-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் கராத்தேயில் கறுப்புப் பட்டை பெற்ற 12 பேரையும், உடற்பயிற்சி மட்டும் செய்துவந்த 12 பேரையும் குத்தச் சொல்லி அளந்தார்கள். ஐந்து சென்டிமீட்டர் தூரத்திலிருந்து குத்து. பயின்றவர்களிடம் தோளும் மணிக்கட்டும் உச்சவேகம் எட்டும் நேரம் ஒவ்வொரு முறையும் பிசகாமல் இசைந்தது. அந்த இசைவுக்கும் சிறுமூளையை மற்றப் பகுதிகளோடு இணைக்கும் நரம்பிழைகளின் அமைப்புக்கும் தொடர்பு தெரிந்தது. வேகத்தையும் நிறுத்தத்தையும் இரண்டு எதிரெதிர்க் குணங்களாக நினைப்பது நம் வழக்கம்: முன்னது இளமை, பின்னது முதிர்ச்சி. தசைக்கு அப்படியொரு பிரிவினை தெரியாது. நிறுத்தத் தெரியாத கை வேகமாகவும் போகத் துணிவதில்லை. போனாலும் இலக்கைத் தவறவிடும்.

மறுபடி கொச்சிக்கு வருவோம். பிராட்வேயிலிருந்து படகுத்துறை பக்கம். காயலைக் கடந்தால் மட்டாஞ்சேரியும் ஃபோர்ட் கொச்சியும். அக்கரையில் சீனம் எங்கும் கண்ணில் படும். கரையோரச் சீன வலைகள், 1568-ல் கட்டிய பரதேசி யூத ஆலயத்தின் தரையில் காண்டனிலிருந்து வந்த நீலவண்ணச் சதுரக்கற்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பல்களோடு வந்த மா ஹுவான் பதினைந்தாம் நூற்றாண்டுக் கொச்சியைப் பற்றி எழுதியே வைத்திருக்கிறார். இவ்வளவு இருக்கும்போது களரிப்பயட்டே கடல் கடந்து குங்ஃபூ ஆனது, காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் அதைக் கொண்டுபோனார் என்று சொல்லிவிட நாக்கு துறுதுறுக்கும். 2011-ல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு தமிழ்நாட்டில் இதைச் சந்தேகிப்பவர் தேசத்துரோகி போல ஆகிவிட்டார். ஆனால் போதிதர்மரை உடற்பயிற்சியோடு இணைக்கும் 'யிஜின் ஜிங்' 17-ஆம் நூற்றாண்டு நூல். அதன் கதையை சீன ஆய்வாளர் தாங் ஹாவ் 1930-களிலேயே உடைத்துவிட்டார். எனக்கு அந்த வம்சாவளியைவிட வேறொன்று சுவையாக இருக்கிறது. தொடர்பு இருந்ததோ இல்லையோ, அடிக்கக் கற்றுத்தரும் இரண்டு மரபுகளும் அடியை நிறுத்தும் வேலையை மாணவனின் நல்ல குணத்திடம் ஒப்படைக்காமல், பயிற்சியின் அமைப்பிடமே ஒப்படைத்திருக்கின்றன.

களரியைப் பாருங்கள். தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய, மரபுப்படி 42 அடி நீளமும் 21 அடி அகலமும் உள்ள குழி. வலது கால் வைத்து இறங்கி, தென்மேற்கு மூலையில் உள்ள பூத்தறை என்னும் ஏழு படி மேடையை வணங்கி, ஆசானான குருக்களின் கால் தொட்டுத்தான் தொடக்கம். முதலில் மெய்த்தாரி: ஆயுதமே கிடையாது, காலைத் தலைக்கு மேல் வீசுவது, யானை, சிங்கம், குதிரை, பன்றி என விலங்கு வடிவங்களில் தாழ்ந்து நிற்பது. பிறகு கோல்த்தாரி: முதலில் நீண்ட கோல், அடுத்து மூன்று சாண் நீளச் சிறுகோல், பின்பு ஒற்றை என்னும் வளைந்த கோல். அதற்குப் பிறகே அங்கத்தாரியில் இரும்பு: கத்தி, வாளும் பரிசையும், குந்தம், கடைசியாக உறுமி என்னும் சுருள்வாள். வெறும் கை எல்லாவற்றுக்கும் பிறகு. உடலின் உயிர்நிலைகளைத் தாக்கும் மர்மம் அதற்கும் பிறகு. கன்னியாகுமரிப் பக்கத்து அடிமுறை ஆசான்களும் வர்மத்தை வருடக்கணக்கில் ஆளைப் பார்த்த பிறகே சொல்லிக்கொடுத்தார்கள்.

இந்த வரிசையை ரகசியம் காப்பதற்கான தந்திரம் என்று சொல்பவர்கள் உண்டு. அதுவும் கொஞ்சம் இருந்திருக்கும். ஆனால் இயக்க நரம்பியல் படித்தவர் கண்ணுக்கு இது வேறுவிதமாகத் தெரியும். நீண்ட கோலில் எதிராளி தொலைவில் நிற்கிறார், நேரம் அதிகம், பிழைக்கு இடமுண்டு. சிறுகோலில் தூரம் குறைகிறது, வேகம் கூடுகிறது. கத்தியில் தூரமும் இல்லை, பிழைக்கு இடமும் இல்லை. நிறுத்தும் திறன் முந்தைய படியில் தசையில் ஏறிய பிறகுதான் ஆபத்து ஒரு படி ஏற்றப்படுகிறது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ணூரில் எழுத்தராக இருந்த போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசாவும் இதைக் கவனித்திருக்கிறார்: நாயர் சிறுவர்கள் ஏழு வயதில் பள்ளிக்குப் போய் முதலில் உடலை வளைக்கும் வித்தைகளைக் கற்றார்கள், ஆயுதம் பிறகுதான் வந்தது.

இரண்டாவது ஏற்பாடு வாய்த்தாரி. குருக்கள் சொல்லச் சொல்ல மாணவர்கள் அசைவார்கள். ஜோடிப் பயிற்சியில் அடியும் தடுப்பும் முன்பே வரிசைப்படுத்தப்பட்டவை. சிறுகோல் பயிற்சி நடக்கும்போது பக்கத்தில் நின்றால் கோல்கள் மோதும் சத்தம் தனித்தனியாகக் கேட்காது, ஒரே உருட்டலாகக் கேட்கும். அந்த வேகத்தில் தலைக்கு நேரே வரும் கோலை எப்படித் தடுக்கிறார்கள்? ஹிக்கின் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அடி எங்கே என்பது இருவருக்கும் தெரியும். தேர்வு ஒன்றே ஒன்று. தேர்வை எடுத்துவிட்டால் வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. 'நிஜச் சண்டையில் யார் வரிசைப்படி அடிப்பார்கள்?' என்று கேலி செய்பவர்கள், உச்சவேகத்தில் நிறுத்தத்தைப் பழக வேறு பத்திரமான வழி என்ன என்று சொல்வதில்லை. குங்ஃபூவில் இருவர் சேர்ந்து ஆடும் கட்டமைத்த வரிசைகளும், விங் சுன்னில் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டிச் சுழலும் 'சீ சாவ்' பயிற்சியும் இதே வேலையைத்தான் செய்கின்றன. சீ சாவில் இன்னொரு லாபமும் உண்டு: கண்ணைவிடத் தொடுவுணர்வு சற்று விரைவாகச் செய்தி தரும்.

கொச்சிக் கரையோரத்து லத்தீன் கத்தோலிக்கரின் சவிட்டுநாடகத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழருக்கு அதில் தனி உரிமை உண்டு. அதன் பாட்டு வரிகளில் தமிழ் கலந்தோடும். பெரும்புகழ் பெற்ற 'காறல்மான் சரித'த்தை இயற்றியவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த சின்னத்தம்பி அண்ணாவி என்பது மரபு. காறல்மான் என்பவர் ஃபிராங்க் பேரரசர் சார்லமேன். மன்னர்களும் படைவீரர்களும் பலகை மேடையில் ஓங்கி மிதித்தபடியே வாள்வீசிப் போரிடுவார்கள். அடவுகளில் களரியின் சாயல் தெளிவு. மேடையில் கொலைவெறி, ஆனால் ஒவ்வொரு வாள்வீச்சும் ஒரு மிதிக்குக் கட்டுப்பட்டது. பலகையின் அதிர்வு இருவருக்கும் ஒரே கணத்தில் காதிலும் காலிலும் போய்ச் சேருகிறது. ஒலிக்கு நாம் காட்டும் எதிர்வினை ஒளிக்குக் காட்டுவதைவிட வேகமானது. அந்தத் தாளம்தான் அங்கே நடுவர்.

கட்டற்ற சண்டையையும் கேரளம் விதியால் கட்டிப் பார்த்திருக்கிறது. குன்னங்குளத்திலும் பாலக்காட்டுப் பல்லசனையிலும் நடந்துவந்த ஓணத்தல்லில் விரித்த உள்ளங்கையால் மட்டுமே அடிக்கலாம். முஷ்டி கூடாது, உதை கூடாது. அடி உறைக்கும், ஆனால் எலும்பு தப்பும். வீரத்துக்குப் பேர்போன தச்சோளி ஒதேனனோ, வடக்கன் பாட்டுக் கதையின்படி, அங்கம் என்னும் நேருக்குநேர்ச் சண்டையில் வென்று திரும்பியவர், மறந்துவிட்ட ஆயுதத்தை எடுக்க, போகாதே என்று சொன்னதைக் கேளாமல் களத்துக்கு மறுபடி போய்ச் சுடப்பட்டார். களத்துக்குள் அவரை நிறுத்த எத்தனையோ முறைகள் இருந்தன. களத்துக்கு வெளியே ஒன்றும் இல்லை.

கோபத்துக்கு வருவோம். "கோபத்தை மூட்டையில் அடித்துத் தீர்த்துவிடு" என்று பல பயிற்சிக்கூடங்களில் சொல்கிறார்கள். 2002-ல் பிராட் புஷ்மன் 600 கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார். அவர்கள் எழுதிய கட்டுரையை யாரோ மட்டமாகத் திட்டியதாகக் காட்டிக் கோபமூட்டினார். ஒரு பிரிவினர் திட்டியவனை நினைத்துக்கொண்டே குத்துமூட்டையை அடித்தார்கள். ஒரு பிரிவினர் உடல்நலத்தை நினைத்து அடித்தார்கள். மூன்றாம் பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பிறகு திட்டியவருக்குக் காதைத் துளைக்கும் ஒலியை அனுப்பும் வாய்ப்பு தரப்பட்டது. திட்டியவனை நினைத்து அடித்தவர்களே அதிகக் கோபத்தோடும் அதிக மூர்க்கத்தோடும் இருந்தார்கள். சும்மா இருந்தவர்கள் தேவலாம். கோபம் நீராவி அல்ல, திறந்துவிட்டால் வெளியேற. பழகப் பழகக் கைவரும் ஒன்று.

சண்டைக்கும் அது உதவுவதில்லை. வேகமான அடிக்குத் தசை இறுகியிருந்தால் போதாது, தளரவும் வேண்டும். கலப்புச் சண்டை வீரர்களை அளந்த கனடிய ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில், உதையின் தொடக்கத்தில் ஒரு இறுக்கம், நடுவில் தளர்ச்சி, படும் கணத்தில் மறுபடி இறுக்கம் என்று இரட்டை உச்சத்தைக் கண்டார். கோபம் கொண்டவன் நடுவில் தளருவதில்லை. நீட்டும் தசையும் மடக்கும் தசையும் ஒருசேர இறுகி ஒன்றையொன்று இழுக்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு குத்துபவனின் குத்து அவனுக்குப் பலமாகத் தோன்றும். எதிராளிக்கு மெதுவாகவும் முன்கூட்டியேயும் தெரியும்.

அப்படியானால் சண்டைக்கலை பிள்ளைகளைச் சாந்தமாக்குமா? எந்தக் கலை என்று கேட்பதைவிட எப்படி நடத்தப்படும் கலை என்று கேட்பதே சரி. 1986-ல் மைக்கேல் ட்ரூல்சன் அமெரிக்காவில் குற்றப்போக்குள்ள பதின்ம வயதுப் பையன்களை மூன்று குழுவாக்கினார். ஒரு குழு வணக்கம், தியானம், வரிசைப் பயிற்சி எல்லாம் சேர்ந்த மரபான டேக்வாண்டோ கற்றது. இன்னொரு குழு அதே கலையின் சண்டைப் பகுதியை மட்டும் கற்றது. மூன்றாவது வேறு விளையாட்டுகளில் ஈடுபட்டது. ஆறு மாதத்தில் முதல் குழுவின் மூர்க்கம் குறைந்தது, இரண்டாம் குழுவினுடையது கூடியது. சிறிய குழுக்கள், இதை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் 2004-ல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் லேக்ஸ், ஹாய்ட் இருவரும் நடத்திய மூன்று மாதச் சோதனையும் மரபான பயிற்சி தன்னடக்கத்தை வளர்ப்பதாகவே காட்டியது. மறுபக்கம், 2005-ல் நார்வேயிலிருந்து வந்த ஆய்வு: குத்துச்சண்டை, மல்யுத்தம், எடைதூக்கல், கிழக்கத்திய சண்டைக்கலைகள் ஆகியவற்றில் சேர்ந்த 11 முதல் 13 வயதுப் பையன்களிடம் விளையாட்டுக்கு வெளியே வன்முறையும் ஒழுங்கீனமும் கூடியிருந்தன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் என் தீர்ப்பு இது: வணக்கத்தையும் வரிசையையும் 'பழைய சம்பிரதாயம்' என்று வெட்டிவிட்டு அடியை மட்டும் விற்கும் கூடம், பிரேக் இல்லாத வண்டியை விற்கிறது.

பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒரு மாலை அந்தக் கூடத்தின் ஓரத்தில் நின்று பாருங்கள். ஜோடிச் சண்டை சூடாகும்போது மாஸ்டர் குரல் கொடுத்து நிறுத்துகிறாரா, கைதட்டி ஏற்றிவிடுகிறாரா? அவர் "நில்" என்றதும் எத்தனை பேர் நிற்கிறார்கள்? புதிதாக வந்தவனைப் பழையவனோடு மோதவிடுகிறார்களா? வளரும் பிள்ளைகளின் தலையில் அடிக்க அனுமதி உண்டா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம், பழகிடும்" என்று பதில் வந்தால் வேறு கூடம் தேடுங்கள். பெல்ட் எத்தனை மாதத்தில் கிடைக்கும் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.